சத்தம் இருந்த இடம்

“இங்க ரொம்ப அமைதியா இருக்குதுங்க.”

வேலையை விட்டதற்கு அவன் சொன்ன காரணம் இவ்வளவுதான். சொன்னது முதலாளியிடம். முதலாளி என்னிடம் சொன்னார், ஜி.எஸ்.டி. கட்டவேண்டிய இருபதாம் தேதி நெருக்கடியில், பில் கட்டுகளுக்கு நடுவே. “கேட்டீங்களா சார் கூத்த? சத்தம் தாங்கலன்னு ஓடிப்போன ஆளுங்கள நெறைய பாத்துட்டேன். அமைதி தாங்கலன்னு ஓடினவன் இவன் ஒருத்தன்தான்.” அவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். ராத்திரி படுத்த பிறகு அந்த வாக்கியம் திரும்ப வந்தது. வந்தது போகவில்லை.

விஷயம் பெரிதில்லை. பர்கூரிலிருந்து ஜெகதேவி போகிற பக்கம் கிரானைட் பட்டறைகள் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றுக்கும் பஜாரில் சில ஜவுளிக் கடைகளுக்கும் நான் கணக்கு எழுதுகிறேன். அவன் என் தெருக்காரன். ஐ.டி.ஐ. ஃபிட்டர். ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்தான். ‘உடம்புக்கு’ என்றுதான் தெருவில் சொல்லிக்கொண்டோம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். மாத்திரை இன்னும் தொடர்கிறது. சில வருஷம் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு, யாரோ சொல்லி ஒரு பட்டறையில் பாலிஷ் மெஷினுக்குப் போனான். போன இடத்தில் ஒழுங்காக இருந்தான். லீவு கேட்பதில்லை, வம்பு இல்லை, பீடி இல்லை. முதலாளி நல்ல மனுஷர். இப்படிப்பட்ட பையன் எதற்காகத் தண்ணீரிலும் கல் சேற்றிலும் நின்று கஷ்டப்பட வேண்டும் என்று, கண்ணாடித் தடுப்பு வைத்த ஆபீஸ் அறைக்குள் கூட்டிவந்து ஏசியில் உட்காரவைத்தார். கல் பலகை அளவு எழுத வேண்டும், டெலிவரி சலான் போட வேண்டும், போன் வந்தால் எடுக்க வேண்டும். சம்பளமும் கொஞ்சம் கூட. ஒரு வாரம் தாங்கவில்லை.

நடந்தது அவ்வளவுதான். யாரும் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. அப்படி ஒருவர் இருந்திருந்தால் அவரை மனதுக்குள் திட்டிவிட்டு நான் தூங்கியிருப்பேன்.

கிரானைட் பட்டறைக்குள் கால் வைக்காதவர்களுக்கு அந்தச் சத்தத்தைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். வைரப் பல் வைத்த வட்டக் கத்தி கல்லுக்குள் இறங்கும்போது எழுவது ஒரு சத்தம். பாலிஷ் தலை பலகைமேல் சுற்றுவது இன்னொன்று, அது கொஞ்சம் கனமாக இருக்கும். கைக்கிரைண்டரில் ஓரம் தேய்ப்பது மூன்றாவது. பல் கூசுவது அதற்குத்தான். இவற்றோடு தண்ணீர் ஓயாமல் கொட்டிக்கொண்டிருக்கும். உள்ளே பேச்சு கிடையாது. கை காட்டுவார்கள். உள்ளங்கையை விரித்தால் நிறுத்து, விரலைச் சுழற்றினால் கல் மாற்று, கட்டைவிரல் வாய்க்குப் போனால் டீ. வருஷக்கணக்காக ஒரே கொட்டகையில் வேலை செய்கிற இரண்டு பேர் ஒருவர் குரலை ஒருவர் அதிகம் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதனால் முதலில் எனக்குத் தோன்றிய அர்த்தம் இது: அங்கே யாரும் பேச முடியாது, ஆகவே இவன் பேசாமல் இருப்பது யார் கண்ணிலும் படாது. ஆபீஸ் அறையில் அப்படியில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதலாளி முகம். இரண்டு போனுக்கு நடுவே ஒரு இடைவெளி. கல் வாங்க வருகிறவர்கள், லாரிக்காரர்கள், பக்கத்துப் பட்டறைக்காரர்கள், கதவைத் திறந்து உள்ளே வருகிற ஒவ்வொருவரும் அக்கறையாகக் கேட்பார்கள்: “என்னப்பா, இப்ப நல்லா இருக்கியா?” நல்லா இருக்கிறவனிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை என்பது அவனுக்குத் தெரியாதா? மெஷின் பக்கத்தில் இந்த விசாரிப்பு அவன் காதுக்கு எட்டியிருக்காது.

இன்னொரு அர்த்தமும் உண்டு. அதைத் தொட எனக்குப் பயம். மனச்சிதைவு நோயில் ஆள் இல்லாமல் குரல் கேட்பது சாதாரணமாகக் காணும் அறிகுறி. காதில் ஹெட்போனை மாட்டிப் பாட்டைப் போட்டுக்கொண்டு அந்தக் குரலைச் சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியானால் ஏசி அறையின் அமைதி அவனுக்கு அமைதியே இல்லை. அவனுக்குக் குரல் கேட்கிறதா என்று எனக்குத் தெரியாது. கேட்டதில்லை. தெருக்காரன் என்கிற உரிமையில் எதையெல்லாம் கேட்கலாம் என்பதற்கு ஓர் எல்லை இருக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று, போன மாதம் சரக்குக் கணக்கு எடுக்கப் போனபோது தோன்றியது. பாலிஷ் போடுகிறவர் முரட்டுத் தேய்ப்புக் கல்லில் ஆரம்பித்து, நம்பர் வாரியாக மென்மையான கல்லுக்கு மாறிக்கொண்டே வருகிறார். முதலில் பலகை சாம்பல் பூத்துக் கிடக்கிறது. நேரம் போகப்போக நிறம் மேலே வருகிறது. கடைசியில் கூரையில் இருக்கிற டியூப் லைட் பலகைக்குள் நேர்க்கோடாகத் தெரிகிறது. கோடு வளைந்தால் வேலை பாக்கி. நேராக நின்றால் முடிந்தது. யாரும் வந்து நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. முதலாளி சொன்னாலும் அது பொருட்டில்லை, கல் ஏற்கெனவே சொல்லிவிட்டது. சலான் எழுதுகிற வேலையில் சரியா தப்பா என்பதை எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முகம் படிக்கத் தெரியாதவனுக்கு, அல்லது படித்துப் படித்தே களைத்துப்போனவனுக்கு, அது எவ்வளவு பெரிய பாரம்.

இந்த மூன்றில் எது? மூன்றும் இல்லாமல், ஏசிக் குளிர் மாத்திரை மயக்கத்தோடு சேர்ந்து தூக்கத்தில் தள்ளியதா? அதுவும் இருக்கலாம். ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் இவ்வளவு கட்டடம் எழுப்புவது கணக்கெழுதுகிறவனுக்கு அழகில்லைதான்.

சத்தம் என்றதும் எனக்குச் சின்னத் தாத்தா நினைவு வந்துவிடுகிறது. காவேரிப்பட்டணம் பக்கம் அம்மாவின் ஊர். கோடை லீவுக்கு அங்கே போய்விடுவோம். சுற்றிலும் மாந்தோப்பு, பெங்களூரா, செந்தூரா, நீலம். அம்மாவின் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் தோப்பில் காவல் இருந்தார். பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்கிற மாசி, பங்குனியில் கையில் ஒரு தகர டின்னோடு தோப்புக்குள் போவார். ஆடி பிறக்கிறவரை அங்கேதான். பகலில் கிளி, ராத்திரியில் வௌவால், எல்லா நேரத்திலும் எங்களைப் போன்ற பையன்கள். டின்னைத் தட்டுவார், “ஓஓய்” என்று கத்துவார், மறுபடியும் தட்டுவார். தட்டலுக்கு நடுவே பேசுவார். யாரையோ திட்டுவார், அப்புறம் அதே ஆளிடம் கெஞ்சுவார், திடீரென்று சிரிப்பார். மரங்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நாங்கள் கேட்டிருக்கிறோம். குத்தகைக்காரருக்குப் பரம சந்தோஷம். அவர் இருக்கிற தோப்புப் பக்கம் கிளியும் வராது, திருடனும் வரமாட்டான்.

தெருவில் தனியாகக் கத்துகிறவரைப் பைத்தியம் என்பார்கள். தோப்பில் கத்தினால் அவர் காவல்காரர். இதை அந்த ஊரில் யாரும் யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. அந்த மனுஷருக்கு எது சரியாக வரும் என்று குத்தகைக்காரர் உட்கார்ந்து சிந்தித்திருக்க மாட்டார். சம்பளம் கேட்காத ஆள் கிடைத்தது, அவ்வளவே. ஆனால் எப்படியோ அவர் உடம்புக்கும் மனசுக்கும் அளவெடுத்துத் தைத்த மாதிரி அந்த வேலை அமைந்துவிட்டது. நான்கைந்து மாதம் அவர் ஊரில் ஓர் ஆளாக இருந்தார். அவர் கத்தல் கேட்டால்தான் ஊருக்கே மாங்காய்க் காலம்.

சில வருஷங்களுக்கு முன்பு, உலக சுகாதார நிறுவனம் 1960-களின் கடைசியில் தொடங்கிய ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தபோது சின்னத் தாத்தாதான் பக்கத்துக்குப் பக்கம் வந்து நின்றார். ஒன்பது நாடுகளில், மனச்சிதைவு என்று நாம் சொல்கிற ஸ்கிசோஃப்ரினியா கண்டவர்களைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். லண்டன், வாஷிங்டன், மாஸ்கோ, பிராக் எல்லாம் அதில் உண்டு. நம் ஆக்ராவும் நைஜீரியாவின் இபாதானும் உண்டு. சில வருஷம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், பணமும் மருத்துவமனையும் நிறைந்த ஊர்களைவிட ஆக்ராவிலும் இபாதானிலும் பலர் நன்றாகத் தேறியிருந்தார்கள். ஏன் என்று இன்றுவரை சண்டை. கூட்டுக் குடும்பம் என்றார்கள், கிராமத்து வேலை யாரையும் எளிதில் வெளியே தள்ளாது என்றார்கள். எண்ணிக்கையையே ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. சென்னையிலும் 1981 முதல், நோய் முதல்முறையாகக் கண்ட 90 பேரை ஆர். தாராவும் அவருடைய சகாக்களும் பல வருஷம் விடாமல் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் இருந்த ஆண்களில் பெரும்பாலானவர்கள் ஏதோ ஒரு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் என்று அதில் வருகிறது. படித்ததும் எனக்குப் பெருமையாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வேறு மாதிரியும் தோன்றியது. உதவித்தொகையை நம்பி வாழ முடியாத ஊரில், பெண்டாட்டி பிள்ளை இருக்கிறவன் வேலைக்குப் போகாமல் என்ன செய்வான்? தேறியதால் வேலைக்குப் போனார்களா, வேறு வழி இல்லாமல் போனதால் தேறினார்களா?

சின்னத் தாத்தாவின் கதையையும் அந்தத் தோப்போடு நிறுத்திக்கொண்டால் அழகாக இருக்கும். ஆடி பிறந்து டின்னைக் கீழே வைத்த பிறகு அவர் என்ன ஆனார்? ஒரு காலாண்டு லீவில் போனபோது அவரைத் திண்ணைத் தூணில் கட்டிவைத்திருந்தார்கள். கணுக்காலில் கயிறு. எங்களை அந்தப் பக்கம் போகக் கூடாது என்று பாட்டி விரட்டினாள். அவரை மருத்துவர் யாரும் பார்த்ததாக வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. கூலி என்று அவர் வாங்கியது வருஷத்துக்குக் கொஞ்சம் கேழ்வரகும் வேட்டியும். அந்தக் காலத்துக் கிராமம் இவர்களை அணைத்துக்கொண்டது என்று மேடையில் யாராவது பேசினால் எனக்கு அந்தக் கணுக்கால்தான் தெரியும். கயிறு சங்கிலியாகி, ஊர்த் திண்ணை கொட்டகையாகி, 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் ஒரு மனநோயாளர் காப்பகத்தில் தீப்பிடித்தபோது 28 பேர் கட்டியபடியே எரிந்துபோனார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று சின்னத் தாத்தா உயிரோடு இல்லை. அதில் ஒரு நிம்மதி இருந்ததைச் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது தோப்புகளில் பாதி இல்லை. நம் பக்கத்தில் வேலை என்றால் சிப்காட். பர்கூர், ஓசூர், சூளகிரி, போச்சம்பள்ளி என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பெனி பஸ். வேலை இல்லை என்று இந்த மாவட்டத்தில் யாரும் சொல்ல முடியாது. பெண்பிள்ளைகள் சாரைசாரையாக ஷூ கம்பெனிக்கும் போன் கம்பெனிக்கும் போகிறார்கள். பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது. ஆனால் இந்த வேலைகளில் கை செய்கிற பங்கு கொஞ்சம்தான். விடியற்காலையில் பஸ்ஸில் நாற்பது பேரோடு உட்கார வேண்டும். ஷிஃப்டுக்கு முன்னால் வரிசையில் நின்று மீட்டிங், கைதட்டல், பாதுகாப்பு உறுதிமொழி. கேண்டீன். ஹாஸ்டல் என்றால் ஓர் அறையில் ஆறேழு பேர். ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. தூக்கமும் மாத்திரையும் நேரம் தவறாமல் இருக்க வேண்டிய ஒருவனுக்கு இது எப்படி ஒத்துக்கொள்ளும்? ஓசூரை ஏன் விட்டாய் என்று ரொம்ப நாளைக்கு முன்பு ஒருமுறை பேச்சுவாக்கில் கேட்டேன். “மெஷின்ல ஒண்ணும் பிரச்சன இல்ல மாமா. சாப்பாட்டு நேரந்தான்,” என்றான்.

பஜாரில் ஜவுளிக் கடை வேலை இருக்கிறதே என்பார்கள். பர்கூர் ஜவுளிக்குக் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் கல்யாணக் கூட்டம் வருகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வாய் ஓயாமல் பேசி, நாற்பது புடவையைப் பிரித்துப் போட்டு, ஒன்றும் எடுக்காமல் எழுந்து போகிறவர்களைச் சிரித்துக்கொண்டே அனுப்ப வேண்டும். அவனை அங்கே நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இதே மண்டலத்தில் வேறு மாதிரி நடந்ததும் உண்டு. 1980-களில் ஓசூரில் கைக்கடிகார ஆலை தொடங்கிய டைட்டன், அன்றைய தர்மபுரி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து பள்ளி முடித்த பிள்ளைகளை எடுத்துப் பழக்கியது. மாற்றுத்திறனாளிகளையும் ஆரம்ப காலத்திலிருந்தே சேர்த்துக்கொண்டது. காது கேளாத ஒருவரை எந்த இடத்தில் உட்காரவைக்கலாம், கால் வராத ஒருவருக்கு மேஜை எந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்றெல்லாம் யோசிக்க முடியும் என்பதற்கு நம் ஊர்ப் பக்கமே சாட்சி இருக்கிறது. கால் வராதது கண்ணுக்குத் தெரிகிறது. சாப்பாட்டு நேரம் ஒருவனை விரட்டுகிறது என்பது எந்தக் கண்ணுக்குத் தெரியும்? அவனே சொன்னால்தான் உண்டு. சொன்னால் வேலை இருக்குமா என்பது அடுத்த கேள்வி.

கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் 1978 வரை இருந்த சாரதா மேனன் அங்கே ஒரு தொழில் சிகிச்சை மையத்தை நடத்தினார். நோயாளிகளுக்கு மருந்தோடு கைவேலையும் வேண்டும் என்பது அவர் கட்சி. பிறகு 1984-இல் ஸ்கார்ஃப் என்கிற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தையும் ஆரம்பித்தார். 2022-இல் அதே கீழ்ப்பாக்கம் வளாகத்தில், நோயிலிருந்து மீண்டவர்கள் வேலை செய்கிற ஒரு காபிக்கடை வந்திருக்கிறது. நிம்ஹான்ஸிலும் அப்படி ஒன்று உண்டு. நல்ல காரியங்கள்தான். இருந்தாலும் ஒரு சந்தேகம் எனக்கு. தேறியவர்களை நாம் ஏன் எப்போதும் கல்லாவுக்குப் பின்னால், நமக்கு எதிரே, சிரித்த முகத்தோடு நிறுத்திப் பார்க்க ஆசைப்படுகிறோம்? நம்மோடு பேசினால்தான் குணம் என்று கணக்கா? கல்லுக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பவன் தேறியவன் இல்லையா?

முதலாளி செய்ததும் இதே திசையில்தான். நம் ஊரில் ஒருவனுக்கு நல்லது செய்வது என்றால் அவனைக் கல்லிலிருந்து நாற்காலிக்கு நகர்த்துவது, மனிதர்களுக்குப் பக்கத்தில் கொண்டுவருவது. உயர்வுகள் எல்லாமே பேச்சை நோக்கித்தான் போகின்றன. வாய் திறக்காமல் மேலே போகிற ஏணி ஒன்றை நான் எந்தப் பட்டறையிலும் பார்க்கவில்லை.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் பக்கம் 1990-களில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் என்ற இருவர் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். அதுவரை இருந்த வழக்கம், நோயாளியைப் பல வருஷம் ஒரு பயிற்சிக் கூடத்தில் வைத்து உறை ஒட்டவோ மெழுகுவத்தி ஊற்றவோ பழக்கி, தயார் என்று தோன்றிய பிறகு வெளி வேலைக்கு அனுப்புவது; பெரும்பாலும் அந்தத் ‘தயார்’ வருவதே இல்லை. இவர்கள் திருப்பிப் போட்டார்கள். என்ன வேலை வேண்டும் என்று அவனிடமே கேள். முதலில் அந்த வேலையில் சேர்த்துவிடு. பயிற்சியும் துணையும் அதற்குப் பிறகு. பல நாடுகளில் சோதித்துப் பார்த்ததில் பழைய வழியைவிட இதில் அதிகம் பேருக்கு வேலை கிடைத்தது. எனக்கு அதில் பிடித்தது ஒரு சின்ன ஏற்பாடு. வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஒருவர் கூடவே வருகிறார். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே நின்று, ஏசி அறைக்கு மாற்றலாமா என்று முதலாளி நினைக்கும்போதே, கொஞ்சம் பொறுங்கள், அவனைக் கேட்டுப் பார்ப்போம் என்று சொல்கிற ஆள். பர்கூரில் அந்த ஆள் யார்? கணக்கெழுத வருகிற நானா?

ஏன் கேட்கிறேன் என்றால், இந்த விஷயம் இப்போது என் மேஜைமேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. போன வாரம் அவன் அம்மா வந்தாள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும், எழுதிக்கொடுங்கள் அண்ணா என்றாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள், அட்டை இருந்தால் கவர்மெண்டு வேலையில் இடம் உண்டு என்று. சொன்னது பொய்யில்லை. 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோய் ஊனங்களின் பட்டியலில் இருந்தது, ஆனால் வேலை ஒதுக்கீட்டில் இல்லை. 2016 சட்டம் ஒதுக்கீட்டை 3 சதவீதத்திலிருந்து 4 ஆக்கி, அதில் ஒரு சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகை ஊனம் எல்லோருக்கும் சேர்த்துக் கொடுத்தது. அரசு வேலைக்கு மட்டும்தான். தனியார் முதலாளிக்குச் சலுகை காட்டி ஊக்கப்படுத்தலாம் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. நம் பக்கம் கம்பெனி பஸ்கள் எல்லாம் தனியாருடையவை.

ஒதுக்கீடு கிடைக்க அட்டையில் 40 சதவீதப் பாதிப்பு வேண்டும். மனநோயை எப்படி அளப்பார்கள் என்று பார்த்தேன். ‘ஐடியாஸ்’ என்று ஓர் அளவுகோல், இந்திய மனநல மருத்துவர் சங்கம் உருவாக்கியது. நான்கு கட்டங்கள்: தன்னைப் பேணிக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மார்க். பாதிப்பு கூடினால் மார்க் கூடும். நோய் எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதற்குத் தனி மார்க். பத்து வருஷத்தைத் தாண்டினால் அதற்கே நான்கு. மொத்தம் ஏழு வந்தால் 40 சதவீதம். மார்க் போடுவது மருத்துவர் வேலை, என் வேலை இல்லை. ஆனாலும் கணக்குப் புத்தி சும்மா இருக்குமா? பென்சிலில் போட்டுப் பார்த்தேன். குளித்து, துவைத்து, சுத்தமாக இருக்கிறான்: பூஜ்யம். பழகுவது: இரண்டு போடலாம். சொன்னது புரியும், கேட்டதற்குப் பதில் வரும்: பூஜ்யம். வருஷக் கணக்கு: நான்கு. ஆறு ஆயிற்று. இனி வேலைக் கட்டம். பாலிஷ் மெஷினில் நின்ற காலத்தை வைத்தால் பூஜ்யம்; ஒதுக்கீடு கிடையாது. ஆபீஸ் அறையில் இருந்த அந்த வாரத்தை வைத்தால் மூன்றோ நான்கோ, ஒதுக்கீடு உண்டு. ஒரே ஆள்தான். எந்த அறையில் நிறுத்தி அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அவன் மாற்றுத்திறனாளி ஆகிறான், அல்லது ஆவதில்லை.

வேலை செய்ய முடியாது என்று காட்டினால் வேலை ஒதுக்கீட்டுக்கு வழி திறக்கும். அப்படியே திறந்து, தேர்வும் எழுதி, இடமும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது என்ன வேலையாக இருக்கும்? தாலுகா ஆபீஸில் மனு வாங்குகிற மேஜை. எதிரே வரிசை. ஒவ்வொருவர் முகத்திலும் ஒரு கோபம்.

இதை அவளிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். “மெஷின்ல நிக்கிறவனுக்கு யாருண்ணா பொண்ணு குடுப்பாங்க?” என்றாள். அதற்கு மேல் என்ன பேசுவது? அவள் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. மாத்திரையைப் பெண்வீட்டாருக்குச் சொல்வதா மறைப்பதா என்பதை நான் கிளப்பவில்லை; அவளும் கிளப்பவில்லை.

மறுபடி மெஷினுக்கே வரட்டும், எனக்கு ஆள் வேண்டும் என்கிறார் முதலாளி. வருத்தம் ஏதும் இல்லை அவருக்கு. போகச் சொல்லலாம் என்று நாக்கு நுனிவரை வருகிறது. அப்போதுதான் அந்தக் கொட்டகையின் இன்னொரு கணக்கும் நினைவுக்கு வருகிறது. எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று தொழிற்சாலை விதிகள் சொல்கின்றன. அங்கே அளந்து பார்த்தவர் யாரும் இல்லை. இரைச்சலால் வரும் காது மந்தத்தையும், கல்தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிக்கோசிஸையும் 1948 தொழிற்சாலைகள் சட்டம் அறிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. தண்ணீர் விட்டு அறுக்கும்போது தூசி அடங்கும். கைக்கிரைண்டரில் ஓரம் தேய்க்கும்போது அடங்காது. வெள்ளையாக எழுந்து, புருவத்தில் உட்காரும். அவன் மனசுக்கு ஒத்துவந்த இடம் அவன் காதையும் மூச்சையும் வாங்கிக்கொண்டிருக்கிறது. முகமூடியும் காதடைப்பும் வாங்கிக் கொடுங்கள் என்று முதலாளியிடம் சொல்லலாம், கேட்கக்கூடியவர்தான். காதடைத்தால் சத்தம் போய்விடுமே, அப்புறம் அவன் அங்கே இருப்பானா? இது கிறுக்குத்தனமான கேள்வி என்று எனக்கே தெரிகிறது. ஆனால் இதற்கு என்னிடம் பதில் இல்லை.

“அவனையே கேட்க வேண்டியதுதானே, ஏன் இப்படி உருட்டிக்கிட்டே இருக்கீங்க?” என்கிறாள் மனைவி. சரிதான். நியூ ஹாம்ப்ஷயர்க்காரர்கள் சொல்வதும் அதுதான். ஆனால் எப்படிக் கேட்பது? கேட்க வேண்டுமென்றால் அவனைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைக்க வேண்டும். நான் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவன் என் முகத்தைப் படிக்க வேண்டும். ஒரு வாரத்தில் அவனை விரட்டியது எதுவோ, அதையே என் வீட்டுத் திண்ணையில் நான் நடத்த வேண்டியிருக்கும். வாட்ஸப்பில் கேளுங்கள் என்கிறாள் அவள். அது நல்ல யோசனை. எழுதவும் உட்கார்ந்தேன். மெஷினுக்குத் திரும்பிப் போகிறாயா என்று முதலில் கேட்பதா, அட்டை வேண்டுமா என்று கேட்பதா, இல்லை இரண்டையும் விட்டுவிட்டு உனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் கேட்பதா? கடைசிக் கேள்விதான் சரியான கேள்வி என்று தோன்றுகிறது. அதை யாராவது என்னிடம் கேட்டால் எனக்கே பதில் வராது. அவனிடம் மட்டும் எப்படி எதிர்பார்ப்பது என்றும் இருக்கிறது.